ஒரு புள்ளி யார் கணக்கில்?

புது மானிட்டர் வந்து இறங்குகிற வீட்டில் இன்று முதலில் நடப்பது சோதனை. வயரைச் செருகி, திரை முழுக்க வெள்ளையை ஓடவிட்டு, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மூலை மூலையாகத் தேடுகிறார்கள். பிறகு கறுப்பு. பிறகு சிவப்பு, பச்சை, நீலம். தேடுவது கால் மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியை. ‘டெட் பிக்சல்’ என்றால் ஜோகுபாளையத்தில் பத்தாவது படிக்கிற பையனுக்கும் தெரியும். அது கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அவனுடைய அப்பா கம்ப்யூட்டர் வாங்கிய காலத்தில் இந்தத் தேடலே இல்லை. படம் வந்ததா, எழுத்தைப் படிக்க முடிகிறதா, அவ்வளவுதான். அன்றைய திரை சுத்தமான திரை என்று நினைத்துவிட வேண்டாம். அதில் இல்லாத குறையே கிடையாது. ஆனால் அந்தக் குறைகள் வேறு ரகம். வைத்தியமும் வேறு, வைத்தியரும் வேறு. திரை மாறியபோது, குறை என்று எதைச் சொல்கிறோம், அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பதும் கூடவே மாறிவிட்டது.

அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பழைய ஊர் ஜோகுபாளையம். சுற்றிலும் நகரம் வளர்ந்த பிறகும் சந்துகள் சந்துகளாகவே இருக்கின்றன. ஒரே டீக்கடையில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் புழங்கும். நடந்துபோகிற தூரத்தில் அல்சூர் ஏரி. அதன் கரையோரம் பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்ட் 9-ல் திறந்த திருவள்ளுவர் சிலை. பக்கத்திலேயே தமிழ்ச் சங்கம். கிழக்கே போனால் நூறடி ரோடு, ஐ.டி.க்காரர்களின் உலகம். அந்த உலகத்தில் புதிதாக வருவது எதுவும் சில வருஷம் கழித்து இந்தச் சந்துகளுக்குப் பழையதாக வந்து சேரும். கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான் வந்தது.

டியூப் காலம்

1996-ல் பிரிகேட் ரோட்டில் காபி டே தன் முதல் கடையைத் திறந்தபோது அது இன்டர்நெட் பார்க்கிற கடையாகவும் இருந்தது. அடுத்த சில வருஷத்தில் ஊரெங்கும் ‘ப்ரௌசிங் சென்டர்’ போர்டு தொங்கியது. பிளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஒவ்வொரு மேஜையிலும் ஒரு பெரிய மானிட்டர். 17 அங்குலத் திரை என்றால் பதினைந்து கிலோவை ஒட்டி இருக்கும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு மறுநாள் தொடை வலிக்கும்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது ஒரு கண்ணாடி டியூப். பின்பக்கத்திலிருந்து எலெக்ட்ரான் கதிர் பாய்ந்து, முன்கண்ணாடியின் உள்பக்கம் பூசிய பாஸ்பரில் மோதும். மோதிய இடம் ஒளிரும். கலர் டியூப்பில் மூன்று கதிர்கள், நடுவே துளையிட்ட மெல்லிய உலோகத் தகடு. கம்ப்யூட்டர் அனுப்புகிற பிக்சலும் கண்ணாடியில் இருக்கிற பாஸ்பர் பொட்டும் ஒன்றுக்கு ஒன்று அளவெடுத்துச் செய்தவை அல்ல. ஒரு பிக்சல் பல பொட்டுகள் மேல் பரவி விழும். ஒரு பொட்டு ஒளிராமல் போனாலும் பக்கத்துப் பொட்டுகள் அதை மூடிவிடும். டியூப் திரையில் எழுத்து கொஞ்சம் மங்கலாக இருந்ததே, அந்த மங்கல்தான் சின்னக் குறைகளை எல்லாம் மறைத்தது.

பெரிய குறைகள் மறையவில்லை. படத்தின் ஓரம் உள்ளே வளையும். மூலையில் இருக்கும் எழுத்துக்குச் சிவப்பு விளிம்பு கட்டும். 60 ஹெர்ட்ஸில் ஓடினால் திரை நடுங்கும். தெரிந்தவர்கள் 85-க்கு மாற்றிக்கொள்வார்கள், தெரியாதவர்கள் தலைவலி மாத்திரை போட்டுக்கொள்வார்கள். பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்தால் அதன் காந்தம் கதிரை இழுத்து, திரையின் ஒரு பக்கம் ஊதாவும் பச்சையுமாகத் திட்டுப் படியும். அதற்கு மானிட்டரிலேயே ‘டிகாஸ்’ என்று ஒரு வசதி இருந்தது. அதை அழுத்தினால் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம், படம் முழுக்க ஒரு குலுக்கல் குலுங்கி நிற்கும், திட்டு போயிருக்கும். பிள்ளைகள் வேலை இல்லாமலே அழுத்தி விளையாடுவார்கள். அதற்கும் போகாத திட்டுக்கு மெக்கானிக் கையில் பெரிய வட்டக் காயிலோடு வருவார். திரைக்கு முன்னால் அதை மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்து, வாசற்படி கிட்டப் போன பிறகுதான் சுவிட்சை அணைப்பார். கிட்டத்திலேயே அணைத்தால் திட்டு இன்னும் மோசமாகும் என்பது அவருக்குத் தெரியும்.

பெங்களூருக்கு டியூப் அந்நியப் பொருள் இல்லை. கறுப்பு வெள்ளை டிவிக்கான பிக்சர் டியூப்களைச் செய்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இதே ஊரில், ஜாலஹள்ளியில் இருக்கிறது. டிவி மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருந்தார். மானிட்டரும் அவர் கைக்கே போனது. ‘எல்.ஓ.டி. போயிடுச்சு’, ‘டியூப் வீக்கு சார், இன்னும் ஆறு மாசம் ஓட்டலாம்’ என்று நோயைச் சொல்லி, ஆயுளையும் சொல்லிவிடுவார். பின்மூடியைத் திறந்து ஸ்குரூ டிரைவரால் இரண்டு திருகு திருகினால் ஃபோக்கஸ் கூர்மையாகும். வளைந்த ஓரம் நிமிரும். முழுதாகச் சரியாகாது. ஆனால் குறையைக் கொஞ்சம் இப்படித் தள்ளலாம், கொஞ்சம் அப்படித் தள்ளலாம். வீட்டுக்காரர் ‘போதும்’ என்று சொல்கிற இடத்தில் நிறுத்தலாம்.

சோனியின் டிரினிட்ரான் மானிட்டர் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு விசித்திரமான அனுபவம் இருந்தது. வெள்ளைத் திரையின் குறுக்கே முடி மாதிரி ஓரிரு கோடு மங்கலாகத் தெரியும். புது மானிட்டரில் கீறலா என்று கடைக்கு ஓடுவார்கள். அது கீறல் இல்லை. மற்ற டியூப்பில் துளைத் தகடு இருக்கிற இடத்தில் டிரினிட்ரானில் நெடுக்குக் கம்பிகள். அவை அதிராமல் இருக்கக் குறுக்கே கட்டிய மெல்லிய கம்பியின் நிழல்தான் அந்தக் கோடு. எல்லா டிரினிட்ரானிலும் அது உண்டு. எல்லாருக்கும் ஒரே குறை என்றால் யாருக்கும் மனக்குறை இல்லை. கடைக்காரர் விளக்கிச் சொன்னால் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

தட்டையான திரை, தனியான புள்ளி

உலக அளவில் 2003, 2004 வாக்கில் விற்பனையில் டியூப் மானிட்டரை எல்.சி.டி. முந்தியது. பெங்களூரின் கம்பெனிகள் மேஜை மேஜையாக மாற்றின. இறக்கி வைத்த டியூப் மானிட்டர்கள் பழைய சாமான் கடைகளுக்கும், அங்கிருந்து டியூஷன் சென்டர்களுக்கும் டிடிபி கடைகளுக்கும் போயின. ஜோகுபாளையத்துச் சந்துக்குள் தட்டைத் திரை வரக் கொஞ்சம் தாமதமானது. விலை டியூப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அவ்வளவு கொடுத்து வாங்கியதில் ஒரு புள்ளி என்றால் வயிறு எரியாதா?

எல்.சி.டி.யில் கதிர் இல்லை, பாஸ்பர் பூச்சு இல்லை. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் திரவப் படிகம் நிரப்பிய லட்சக்கணக்கான நுண்ணிய கதவுகள். ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று கதவு: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. கைபேசித் திரையில் ஒரு பொட்டுத் தண்ணீர் தெறித்தால் அந்த மூன்று நிறக் கோடுகளும் பெரிதாகி வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக ஒரு டிரான்சிஸ்டர் காவல். அது கெட்டால் அந்தக் கதவு நிற்கிற நிலையிலேயே நின்றுவிடும். பக்கத்துக் கதவு இதற்கு உதவ முடியாது. படம் எவ்வளவு துல்லியமோ, குறையும் அவ்வளவு துல்லியம்.

கதவு எந்த நிலையில் நிற்கும் என்பது பேனலின் வகையைப் பொறுத்தது. விலை குறைந்த டி.என். பேனலில் மின்சாரம் வராவிட்டால் கதவு திறந்தே இருக்கும். அதனால் காவல் செத்த இடம் பளிச்சென்று எரியும். ராத்திரிக் காட்சியில் நட்சத்திரம் முளைத்த மாதிரி உறுத்தும். ஐ.பி.எஸ்., வி.ஏ. பேனல்களில் மின்சாரம் இல்லை என்றால் கதவு மூடிக்கொள்ளும். அங்கே செத்த பிக்சல் கறுப்பாக நிற்கும். மூன்றில் ஒரு கதவு மட்டும் திறந்தே மாட்டிக்கொண்டால் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு பொட்டு. அதற்கு ‘ஸ்டக் பிக்சல்’ என்று பெயர். கடையில் எல்லாவற்றையும் சேர்த்து ‘டெட் பிக்சல்’ என்றே சொல்வார்கள்.

தமிழில் பக்கம் கட்டுகிற எங்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தொல்லை. அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு நோட்டீஸோ கல்யாணப் பத்திரிகையோ, முழுப் பக்கமும் தெரிகிற மாதிரி சுருக்கி வைத்துத்தான் ஒரு தடவை பார்ப்போம். அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி திரையில் ஒன்றிரண்டு பிக்சலுக்கு மேல் இருக்காது. சரியாக அந்த உயரத்தில் ஒரு கறுப்புப் பிக்சல் உட்கார்ந்தால் ‘அனைவரும் வருக’ என்பது ‘அனைவரும் வருக்’ என்று நிற்கும். அழிக்கப் போனால் அழியாது. பக்கத்தை மேலும் கீழும் ஓட்டிப் பார்க்க வேண்டும். எழுத்தோடு சேர்ந்து புள்ளி நகர்ந்தால் நம் தப்பு. எழுத்து நகர்ந்து புள்ளி அங்கேயே நின்றால் திரையின் தப்பு. இதைவிட மோசம், நிஜமான பிழையைத் திரையின் புள்ளி என்று நினைத்து விட்டுவிடுவது. அச்சாகி வந்த பிறகு கல்யாண வீட்டில் யாரும் மானிட்டரைக் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

லட்சத்தில் ஒன்று

இந்தப் புள்ளி ஏன் வருகிறது என்பதற்குக் கணக்கே பதில் சொல்லும். அன்றைய 17 அங்குல எல்.சி.டி.யில் 1280-க்கு 1024 பிக்சல். பெருக்கினால் 13,10,720. கதவு ஒவ்வொன்றையும் எண்ணினால் 39,32,160. இவற்றில் லட்சத்துக்கு ஒன்றுதான் தவறும் என்று ஒரு தொழிற்சாலை மார் தட்டினாலும் ஒவ்வொரு திரையிலும் 39 புள்ளி இருக்கும். ஒரு புள்ளிகூட இல்லாமல் செய்ய வேண்டுமென்றால் நாற்பது லட்சம் டிரான்சிஸ்டரும் ஒன்று விடாமல் வேலை செய்ய வேண்டும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மெமரி சிப்பில் சில அறைகள் கெட்டால் உபரியாக வைத்த அறைகளை அந்த இடத்துக்கு மாற்றிவிடலாம். திரையில் அந்த வித்தை நடக்காது. கெட்ட பிக்சலுக்குப் பதில் நல்ல பிக்சலை வேறு இடத்தில் எரியவிட முடியுமா?

பேனல்களை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. பெரிய கண்ணாடித் தகட்டில் மொத்தமாகச் செய்து பிறகு அறுப்பார்கள். ஐந்தாம் தலைமுறைத் தொழிற்சாலைகளில் அந்தத் தகடு சுமார் 1.1 மீட்டருக்கு 1.3 மீட்டர். இன்றைய 10.5 தலைமுறையில் 2.94-க்கு 3.37 மீட்டர், ஜோகுபாளையத்துப் பழைய வீடுகளில் ஒரு அறையே அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி மேல் ஒரு தூசு விழுந்தால் அந்த இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் போச்சு. எல்லாப் பேனலையும் தூக்கி எறிய முடியாது. எறிந்தால் மிச்சப் பேனலின் விலை ஏறும். அதனால் தொழிற்சாலையிலேயே ஒரு சமரசம் செய்கிறார்கள். திறந்தே நிற்கும் கதவை லேசரால் சுட்டுக் கறுப்பாக்கிவிடுவார்கள். வெளிச்சப் புள்ளியைவிடக் கறுப்புப் புள்ளி கண்ணை அவ்வளவு உறுத்தாது. நம் வீட்டுத் திரையில் நாம் கண்டுபிடிக்கிற கறுப்புப் பொட்டு சில சமயம் ஏற்கெனவே ஒரு முறை பழுது பார்த்த இடமாகவும் இருக்கலாம்.

எத்தனை புள்ளி வரை பொறுக்கலாம் என்பதற்கு 2001-ல் உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. ஒரு அளவுகோல் வெளியிட்டது. எண் 13406-2. அதில் நான்கு வகுப்பு. முதல் வகுப்பில் ஒரு புள்ளியும் கூடாது. பெரும்பாலான கம்பெனிகள் பிடித்துக்கொண்டது இரண்டாம் வகுப்பை. பத்து லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரிகிற புள்ளி 2, எப்போதும் அணைந்த புள்ளி 2, ஒற்றைக் கதவு கெட்ட பொட்டு 5 என்று அது அனுமதித்தது. சோற்றில் இத்தனை கல் வரை இருக்கலாம் என்று யாரோ எழுதி வைத்த மாதிரி. 2008-ல் 9241-307 என்ற புதிய அளவுகோல் அதன் இடத்துக்கு வந்தது.

பத்து லட்சத்துக்கு இத்தனை என்று கணக்கு வைத்ததில் ஒரு வேடிக்கை ஒளிந்திருந்தது. திரை கூர்மையாக ஆக ஆக, மன்னிப்பும் கூடுகிறது. அதே கணக்கை இன்றைய 4கே திரைக்குப் போட்டால் 82,94,400 பிக்சலுக்கு 16 வெள்ளைப் புள்ளி, 16 கறுப்புப் புள்ளி, 41 சில்லறைப் பொட்டு வரை ‘சரியான’ திரைதான். நல்ல வேளையாகப் பல கம்பெனிகள் இதைவிடக் கறாரான சொந்தக் கணக்கு வைத்திருக்கின்றன.

‘கம்பெனி பாலிசி சார்’

இந்த அளவுகோல் எல்லாம் வாங்குகிறவருக்குத் தெரிந்தா இருந்தது? எஸ்.பி. ரோட்டில் மானிட்டர் வாங்கி வந்த ஜோகுபாளையத்துக்காரர் எவரும் பில் போடும்போது இதைக் கேள்விப்படவில்லை. வீட்டுக்கு வந்து புள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போனால்தான் வகுப்பு எடுப்பார்கள்.

எஸ்.பி. ரோடு, அதாவது சதர் பத்ரப்பா ரோடு, பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தை. சின்ன கெபாசிட்டர் முதல் சர்வர் வரை கிடைக்கும். அங்கே வியாபாரத்துக்கு ஒரு மரியாதை உண்டு. பழகிய கடை என்றால் இரண்டு நாள் கழித்தும் மாற்றித் தருவார்கள். மானிட்டரில் மட்டும் கை விரிப்பார்கள்.

‘அண்ணா, நேத்து வாங்கிட்டுப் போனேன், நடுவுல பச்சையா ஒரு பொட்டு.’

‘எத்தனை பொட்டு சார்?’

‘ஒண்ணுதான்.’

‘ஒண்ணுக்கெல்லாம் கம்பெனி எடுக்க மாட்டான் சார். இன்னும் ரெண்டு மூணு வரட்டும், கொண்டு வாங்க.’

நோய் முற்றினால்தான் வைத்தியம். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இதையே கண்ணியமான மொழியில் சொல்வார்கள். நடுத் திரையில் இத்தனை, ஓரத்தில் இத்தனை என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். மூன்று வருஷ வாரண்டி என்று பெட்டி மேல் பெரிய எழுத்தில் இருப்பது உண்மை. அந்த வாரண்டிக்குள் புள்ளி வராது என்பது உள்ளே இருக்கிற சிறு புத்தகத்தில், பொடி எழுத்தில். அதுவும் பெட்டியைப் பிரித்த பிறகுதான் கைக்கு வரும். பெட்டியைப் பிரித்தாலோ, ‘சீல் உடைச்சாச்சே சார்’.

அதனால் வாங்குகிறவர்கள் தங்களுக்குள் தந்திரங்களைப் பரிமாறிக்கொண்டார்கள். தெரிந்த கடைக்காரரைப் பிடித்து, கடையிலேயே பெட்டியைத் திறந்து ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நோக்கியா ஒரு காலத்தில் மானிட்டரும் செய்தது; டியூப் திரையைச் சரிபார்க்க அது விட்ட ‘நோக்கியா மானிட்டர் டெஸ்ட்’ என்ற சின்ன மென்பொருளை ஃப்ளாப்பியிலோ பென் டிரைவிலோ எடுத்துப்போய், ஒவ்வொரு நிறமாக ஓட்டிப் பார்த்தார்கள். டியூப்பின் வளைவுக்காகச் செய்த சோதனை தட்டைத் திரையின் புள்ளிக்கு உதவியது.

வீட்டு வைத்தியமும் உண்டு. மாட்டிக்கொண்ட கதவை உசுப்ப, அந்த இடத்தில் மூன்று நிறங்களையும் வேகமாக மாற்றி மாற்றி மணிக்கணக்கில் மின்னவிடுகிற மென்பொருள்கள் வந்தன. நிறப் பொட்டுகளில் சில அதற்கு அசைந்து கொடுத்தன. டிரான்சிஸ்டரே செத்த புள்ளி எதற்கும் அசையாது. இன்னும் சிலர் பென்சில் முனையில் ஈரத் துணியைச் சுற்றிப் புள்ளி மேல் அழுத்தினார்கள். ஒன்று சரியாகும், அல்லது ஒரு புள்ளி இருந்த இடத்தில் ஒரு திட்டு உருவாகும். அப்படி அழுத்திக் கெடுத்தது தெரிந்தால் வாரண்டியும் போச்சு. அழுத்தாமல் இருந்தவர்கள் அந்த இடத்தில் டெஸ்க்டாப் ஐகானை நகர்த்தி வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினார்கள்.

ஆக, தட்டைத் திரை வந்த முதல் பத்து வருஷத்தில் புள்ளியின் பாரம் முழுக்க வாங்கியவர் தலையில். தொழிற்சாலை தன் சேதாரத்தைக் கணக்குப் பார்த்துக் கடைக்குத் தள்ளியது. கடை ‘பாலிசி’ என்று சொல்லி வீட்டுக்குத் தள்ளியது. யாருக்கு நல்லது வரும், யாருக்குப் புள்ளி வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். முழு விலை மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

இது மாற முடியாத விதி இல்லை என்பதற்கும் அப்போதே சாட்சி இருந்தது. தென் கொரியாவில் விற்ற எல்.சி.டி. மானிட்டர்களுக்கு ஒரு கட்டத்தில் சாம்சங் ‘ஒரு புள்ளியும் கூடாது’ என்ற கொள்கையை வைத்திருந்தது. டெல் தன் அல்ட்ராஷார்ப் வரிசைக்கு, எரிகிற புள்ளி ஒன்று இருந்தாலும் மாற்றித் தருவதாக அறிவித்தது. கேட்கிற இடத்தில் கேட்டால், கொடுக்கிற விலை கொடுத்தால், புள்ளியைத் தொழிற்சாலையே சுமக்கும் என்று தெரிந்தது.

இன்று

இன்று ஜோகுபாளையத்திலிருந்து எஸ்.பி. ரோடு போவது சுலபம். 2011 அக்டோபரில் திறந்த அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கினால் மிச்சம் நடை. ஆனால் மானிட்டர் வாங்க அவ்வளவு தூரம் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். டெலிவரிப் பையன் சந்துக்குள் பைக்கை விட முடியாமல் முனையிலிருந்து போன் செய்கிறான். பெட்டியைப் பிரிப்பதை ஒருவர் கைபேசியில் வீடியோ எடுக்கிறார்; நாளைக்குத் தகராறு வந்தால் சாட்சி.

பேனலும் தேறியிருக்கிறது. 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் 62 லட்சம் கதவு, 27 அங்குல 4கே திரையில் இரண்டரைக் கோடி. அத்தனையும் ஒழுங்காகத் திறந்து மூடுகிற திரைகள் சாதாரணமாகிவிட்டன. புள்ளியும் சுருங்கியது. பழைய 15 அங்குல எல்.சி.டி.யில் ஒரு பிக்சல் 0.297 மில்லிமீட்டர், 27 அங்குல 4கே-யில் 0.155. பாதிதான். ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தால் வெள்ளைப் பக்கத்தில் ஒற்றைக் கறுப்புப் புள்ளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐ.பி.எஸ். பேனல் மலிவானதால், எரிகிற புள்ளியைவிட அணைந்த புள்ளியே இப்போது அதிகம் கண்ணில் படுகிறது.

புகார் சொல்கிற இடங்களும் மாறின. ஆன்லைனில் வாங்கியது என்றால் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம். அதற்குள் புள்ளியைக் கண்டுபிடிப்பதுதான் வீட்டுக்காரரின் வேலை. அதனால்தான் முதல் நாளே அந்தச் சோதனை. 1986-ம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தின் இடத்தில் 2019-ம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு தொழில் நடத்துகிற இடத்திலோ, விவகாரம் நடந்த இடத்திலோதான் வழக்குப் போட வேண்டும். இப்போது வாங்கியவர் குடியிருக்கிற ஊரிலேயே மாவட்ட ஆணையத்தில் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கு வரை போக மனமில்லாதவர்களுக்கு 1915 என்ற உதவி எண். விற்றவர் குஜராத்தில், கம்பெனி தைவானில் என்றாலும் ஜோகுபாளையத்துக்காரர் பெங்களூரிலேயே நின்று பேசலாம் என்பது பெரிய மாற்றம்.

ஆனால் சட்டத்தின் கண்ணிலும் புள்ளி அவ்வளவு சுலபமான கேஸ் இல்லை. ஒரு பொருள் என்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமோ, ஒப்பந்தமோ, விற்றவரின் வாக்கோ சொல்கிறதோ, அதிலிருந்து குறைந்தால்தான் அது குறைபாடு. மூன்று புள்ளி வரை இருக்கலாம் என்று கம்பெனி பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தால், ஒரு புள்ளிக்காரரின் வாதம் அங்கேதான் இடறுகிறது. அந்தப் பொடி எழுத்து வாங்குவதற்கு முன் எனக்குக் காட்டப்பட்டதா என்பதே அவருக்கு இருக்கிற வலுவான கேள்வி.

போனது என்ன என்று பார்த்தால், மெக்கானிக் போனார். புள்ளி விழுந்த பேனலை யாரும் திறந்து சரிசெய்ய முடியாது. பேனலையே மாற்ற வேண்டும். அதற்கு ஆகிற செலவில் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று சர்வீஸ் சென்டரே சொல்கிறது. பவர் போர்டு கெட்டால், பின்விளக்கு அணைந்தால் எஸ்.பி. ரோட்டில் இன்னும் கை வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். புள்ளிக்கு மட்டும் அவர்களிடமும் மருந்து இல்லை. ‘கொஞ்சம் இப்படித் தள்ளலாம்’ என்கிற பேரம் திரையோடு செய்ய முடியாது. விற்றவரோடு மட்டுமே செய்ய முடியும்.

புள்ளி என்று திருப்பி அனுப்பிய திரைகளும் குப்பைக்குப் போவதில்லை. ‘ஓப்பன் பாக்ஸ்’, ‘ரீஃபர்பிஷ்டு’ என்று மறுபடி சந்தைக்கு வருகின்றன. நூறடி ரோட்டு அபார்ட்மென்டில் ஒருவர் பொறுக்க முடியாமல் திருப்பியது, சில ஆயிரம் குறைந்து ஜோகுபாளையத்து டிடிபி கடைக்கோ டியூஷன் பிள்ளைகளுக்கோ வந்து சேரலாம். எனக்கு இதில் தப்பு தெரியவில்லை. கணக்குப் போடுகிற, டிக்கெட் பதிகிற, பாடம் படிக்கிற திரையில் ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தால் குடி முழுகிப் போகாது. நல்ல திரையை ஒற்றைப் புள்ளிக்காக மின்கழிவில் சேர்ப்பதுதான் பாவம். இங்கே வாங்குகிறவருக்குப் புள்ளி இருப்பது தெரியும். தெரிந்து, அதற்கு ஏற்ற விலை கொடுத்து வாங்குகிறார். முதல் பத்து வருஷத்தில் வாங்கியவர்களுக்குக் கிடைக்காதது அதுதான். அவர்களும் இதே புள்ளியைச் சுமந்தார்கள், முழு விலை கொடுத்து, தெரியாமல்.

பெட்டி மேல் எழுதட்டும்

இரண்டரைக் கோடி கதவில் ஒன்றுகூடக் கெடக் கூடாது என்று கேட்பது நியாயமா? கேட்கலாம், அதற்கு ஒரு விலை உண்டு. வண்ணம் திருத்துகிறவர், எக்ஸ்ரே பார்க்கிறவர், தமிழ் மெய்ப்புப் பார்க்கிறவர் அந்த விலையைக் கொடுக்கத் தயார். மற்றவர்கள் ஓரத்தில் ஒன்று இருந்தாலும் பரவாயில்லை, இரண்டாயிரம் குறைத்துக்கொள் என்பார்கள். இரண்டும் நேர்மையான வியாபாரம். நேர்மை கெடுவது, முதல் வகை விலையை வாங்கிக்கொண்டு இரண்டாம் வகைச் சரக்கைக் கொடுத்துவிட்டு, பொடி எழுத்தைக் காட்டும்போதுதான்.

பெட்டியில் அடைத்து விற்கிற பொருளின் மேல் என்னென்ன எழுத வேண்டும் என்று இந்தியாவில் 2011-ம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், எந்த நாட்டுச் சரக்கு, புகாருக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் மானிட்டர் பெட்டி மேல் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி வேண்டும்: எரிகிற புள்ளி இத்தனை வந்தால் மாற்றித் தருவோம், அணைந்த புள்ளி இத்தனை வந்தால் மாற்றித் தருவோம். ஆன்லைன் பக்கத்தில் விலைக்குப் பக்கத்திலேயே அதே வரி. கம்பெனிகளிடம் இந்த எண் இல்லாமல் இல்லை; சர்வீஸ் சென்டரில் இருக்கிற தாளைப் பெட்டிக்கு வெளியே ஒட்டினால் போதும்.

அதுவரை வாங்குகிறவர்கள் தாங்களாகவே செய்துகொள்ளக்கூடியது கொஞ்சம் உண்டு. பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாடலின் புள்ளிக் கொள்கையைக் கேட்டு, வாட்ஸாப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முதல் நாளே ஐந்து நிறத்தையும் ஓட்டிப் பாருங்கள். தூசைப் புள்ளி என்று நினைத்துவிடாமல் ஒரு தடவை துடைத்துவிட்டுப் பாருங்கள். கண்டால் படம் எடுத்து அன்றைக்கே எழுதுங்கள். ‘இன்னும் ரெண்டு மூணு வரட்டும்’ என்று காத்திருந்தால் மாற்றுகிற கெடு தாண்டிவிடும். அழுத்த வேண்டாம்.

கடைக்காரர் ‘எத்தனை பொட்டு சார்?’ என்று கேட்பதை இனி யாரும் நிறுத்த முடியாது. வாங்குகிறவர் அந்தக் கேள்வியை முதலில், பணம் கையில் இருக்கும்போதே, அவரிடம் கேட்டுவிட வேண்டும்.